மூன்று ஹெட்போன்களும் இரண்டு சம்பந்திகளும்

ஜூன் 2

சம்பந்தி அவர்களுக்கு,

‘அண்ணா’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் போனில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. “நீங்க காதால கேக்கல, விலைச்சீட்டால கேக்கறீங்க.” ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பாடுகிறவர்கள் எச்சில் விழுங்கும் சத்தத்தைக்கூட வெட்டி எடுத்துச் சோறு தின்கிறவள் நான். என்னைப் பார்த்து அந்தப் பேச்சு! கோபம் தீரும்வரை நீங்கள் சம்பந்தி அவர்கள்தான்.

பதிலுக்கு நான் உங்களைக் ‘காதுக்குக் கஞ்சர்’ என்றேன். நீங்கள் கத்தினீர்கள், நான் அதைவிடக் கத்தினேன், என் மகள் போனைப் பிடுங்கிவிட்டாள். “மாமாவும் நீயும் இனிமே போன்ல பேசவே கூடாது. எழுதிக்கோங்க. எழுதும்போதாவது நடுவுல மூச்சு விடுவீங்க” என்றாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். உங்கள் பிள்ளை பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர், நல்லா இருக்கட்டும்.

பெட்டியில் மூன்று ஹெட்போன்கள் இருக்கின்றன. கடைக்காரர் இந்த மாதம் முழுக்க இரவலாகக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் கீழ்த்தளத்தில் திறக்கப்போகும் கேட்பறைக்கு இவற்றில் ஒன்றைத்தான் வாங்கமுடியும். காசு கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் நல்ல இசை கேட்க வருகிறவர்களுக்கு எது சரி என்று நாம் இருவரும் ஒருமனதாகச் சொல்லவேண்டுமாம். நம்மிடம் போய் ஒருமனதைக் கேட்கிறார்கள் பாருங்கள்!

மூவருக்கும் பெயர் வைத்துவிட்டேன். விலை குறைந்தவன் கடைக்குட்டி. அவனைப்போல மூன்று மடங்கு நடுவுள்ளவன். அவனைப்போல மூன்று மடங்கு பெரியவர். பெரியவரின் விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், “அதுல ஏறி ஆபீஸ் போக முடியுமா?” என்றார். ஆபீஸ் என்ன, அதற்கு மேலேயே போகலாம் என்றேன். மூன்றும் எலக்ட்ரோஸ்டாட்டிக். சாதாரண ஹெட்போனில் காந்தம் ஒரு கூம்பைத் தள்ளும். இதில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு தாள், இரண்டு வலைத்தகடுகளுக்கு நடுவில், மின்சாரத்தின் பலத்தில் அசைகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். அவருக்கு விளக்கி விளக்கி வாய் பழகிவிட்டது.

கடைக்குட்டி துறுதுறுவென்று இருக்கிறான், பிடித்தது. நடுவுள்ளவன் பொறுப்பானவன். ஆனால் பெரியவர்! மாட்டியதும் ஸ்டுடியோச் சுவர்கள் விலகிப் போய்விட்டன. பியானோ வாசிக்கிறவர் பெடலிலிருந்து காலை எடுக்கிறார், சத்தத்தை அடக்கும் கம்பளி கம்பிகளின் மேல் வந்து படிகிறது, அந்தப் படிகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கை பரபரத்து, மறுபடி போட்டு, மறுபடி போட்டு, மதியச் சாப்பாட்டையே மறந்தேன்.

எங்கள் ஸ்டுடியோவில் பதிவான பியானோ டிஸ்க்கையும் வைத்திருக்கிறேன். அதையே மூன்றிலும் கேளுங்கள். கேட்டுவிட்டு விலைச்சீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

சம்பந்தியம்மா

ஜூன் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

பெட்டி வந்து சேர்ந்தது. மூவரும் நலம். இப்படி உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு யாராவது சம்பளம் தருவார்களா என்று உங்கள் அண்ணி விசாரிக்கச் சொன்னாள்.

மேசையில் ஒரு பியானோவின் சாவிக்கட்டைகளைக் கழற்றி அடுக்கியிருப்பதால், ஆம்ப்ளிஃபயரை ஸ்டூலில் வைத்துத் தரையில் அமர்ந்து கேட்டேன். முதலில் என் முறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒன்றைக் கழற்றி, இன்னொன்றைச் செருகி, நடுவில் ஒரு காபியும் குடித்துவிட்டு ஒப்பிட்டிருப்பீர்கள். அந்த இடைவெளியில்தான் விலைச்சீட்டு உள்ளே நுழைகிறது. பியானோ ட்யூன் செய்கிறவன் தன் ஞாபகத்தை நம்பமாட்டான். இந்தக் கம்பி, அந்தக் கம்பி, திரும்ப இந்தக் கம்பி என்று ஒரே மூச்சில் தட்டிப் பார்ப்பான். நடுவில் தும்மல் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

நான் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆம்ப்பில் அடுத்தடுத்து இரண்டு சாக்கெட்டுகள் இருப்பது இதற்கு எவ்வளவு வசதி! வலதில் கடைக்குட்டியை நிலையாகச் செருகிவிட்டேன். இடதில் மற்ற இருவரையும் ஒருவர் மாற்றி ஒருவராக. இரண்டும் ஒரே நேரத்தில் பாட, ஒன்றைக் கழற்றிய கையோடு மற்றதை மாட்டிக் கேட்டேன். சத்தத்தையும் சமன் செய்தேன். பெரியவருக்குக் குமிழை நிறையத் திருக வேண்டியிருந்தது. இத்தனை விலை கொடுத்தும் இவர் இவ்வளவு மெதுவாகத்தான் பேசுவார் போல.

முடிவு: கடைக்குட்டி ஒரு பொக்கிஷம்! ஒவ்வொரு ஸ்வரமும் துள்ளிக்கொண்டு வருகிறது. இந்த வயதில் தரையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவுள்ளவன் சோம்பேறி. பெரியவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுகிறார். கம்பளி படிகிற சத்தமா? கம்பளிக்குள்ளிருந்தே எல்லாம் கேட்கிறது. விலை ஏற ஏற உயிர் குறைகிறது.

கடைக்குட்டியை வாங்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு எழுதட்டுமா? மீதிப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கலாம்.

சம்பந்தி

ஜூன் 12

சம்பந்தி அவர்களுக்கு,

நாற்காலியா! பெரியவர் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறாரா! உங்கள் கடிதத்தை அலுவலக வராந்தாவில் நின்று படித்து, வாய்விட்டு “அடப்பாவி” என்று சொல்லிவிட்டேன். எதிரே வந்த மேனேஜர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, கேட்காமலே லீவு கொடுத்தார்.

பெரியவரை நான் மட்டும் கேட்கவில்லை. பெட்டியை உங்களுக்கு அனுப்புமுன் கூட வேலை செய்கிற நான்கு பேரைக் கேட்கவைத்தேன், விலை சொல்லாமலே. ஒருத்தி ஹெட்போனைக் கழற்ற மறுத்தாள். இன்னொருவர் பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அது டிஸ்க்கில் இருந்த நாற்காலி! இவர்கள் எல்லோருக்கும் கேட்டது உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், சம்பந்தி, கோளாறு பெரியவரிடம் இல்லை. ஒரு நல்ல காது டாக்டராகப் பார்த்துக் காட்டிவிட்டு வாருங்கள். வயசாகிறதல்லவா.

பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் எழுதவேண்டாம். எழுதினால் நானும் எழுதுவேன், என்னுடையது நீளமாக இருக்கும்.

சம்பந்தியம்மா

ஜூன் 17

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் விளையாட்டாகத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில், நான் ட்யூன் செய்யும் கச்சேரி மன்றத்துப் பியானோவை வாசித்துப் பார்த்த கலைஞர் ஒருவர், “மேல் ஸ்வரங்கள் எல்லாம் மங்கலா இருக்கே, ட்யூனர் கவனிக்கலையா?” என்றார். எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நான் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், உங்கள் வரி நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பெரியவரைக் கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும் அந்த நுணுக்கங்கள் எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. கடைக்குட்டி ஏன் பிடித்தது என்று இப்போது தெரிகிறது. அவன் உரக்கப் பேசுகிறான், மந்தக் காதுக்கும் கேட்கும். விலை ஏற ஏறக் கூடுவது எதுவோ, அது நான் தொலைத்துவிட்ட பகுதியில் இருக்கிறது.

எனக்கு வேறு தொழில் தெரியாது, சம்பந்தியம்மா. பயமாக இருக்கிறது. ஆனால் காது போனபின் ஒருவர் கச்சேரிப் பியானோவில் கை வைப்பது மோசடி. இந்தப் பருவத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி மன்றத்து மேலாளருக்கு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. உங்கள் மகளிடமும் என் மகனிடமும் தயவுசெய்து மூச்சுவிட வேண்டாம். கேட்பறை திறக்கும் சந்தோஷத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி பெரியவரையே வாங்கச் சொல்லுங்கள். என் ஓட்டும் உங்களுக்கே.

சம்பந்தி

ஜூன் 19, இன்றே சேரும் கூரியரில்

அண்ணா!

முதல் வேலையாக எழுந்து போய் ஆம்ப்பின் இடது சாக்கெட்டில் இருப்பதைப் பிடுங்குங்கள். பிடுங்கிவிட்டு மேலே படியுங்கள்.

பிடுங்கிவிட்டீர்களா? இப்போது துளைகளை எண்ணுங்கள். இடதில் ஆறு, வலதில் ஐந்து. இல்லையென்றால் என் வேலையை விட்டுவிடுகிறேன்!

ஆறு துளைச் சாக்கெட் அந்தக் காலத்து ஹெட்போன்களுக்கு. அதில் வரும் மின்னழுத்தம் குறைவு. ஐந்து துளை இந்தக் காலத்தவற்றுக்கு, அதில் இரண்டு மடங்குக்கும் மேல். நான் அனுப்பிய மூன்றும் ஐந்து முள் பிளக். ஆனால் ஐந்து முள், ஆறு துளையிலும் எந்த வம்பும் பண்ணாமல் போய் உட்கார்ந்துவிடும். பாடவும் பாடும், பட்டினி கிடந்து பாடும். நீங்கள் கடைக்குட்டியை விருந்தில் உட்காரவைத்துவிட்டு, நடுவுள்ளவனையும் பெரியவரையும் பட்டினி போட்டு, ஏன் தெம்பாகப் பாடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்!

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. அது சோம்பேறி, போர்வை என்று சொன்னது அத்தனையும் உண்மை. அந்தச் சாக்கெட்டில் யார் கேட்டாலும் அப்படித்தான் கேட்கும். எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் ஸ்டுடியோவிலும் அதே மாதிரி ஒரு பழைய ஆம்ப் இருக்கிறது. அதன் இடது சாக்கெட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, ‘இங்கே செருகாதே’ என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. நானும் ஒரு நாள் முழுக்கச் செருகிவிட்டு முழித்தவள்தான். ‘அடுத்தடுத்து இரண்டு சாக்கெட்டுகள்’ என்று நீங்கள் போன கடிதத்துக்கு முந்தியதிலேயே எழுதியிருந்தீர்கள். நான் கோபத்தில் நாற்காலியையும் போர்வையையும் தவிர எதையும் கவனிக்கவில்லை. இன்று உங்கள் கடிதம் வந்ததும் பழையதையும் எடுத்து வரி வரியாகப் பார்த்தேன்.

காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்தேன், மூன்று தடவையும் கட் பண்ணினீர்கள். இந்த நேரத்திலுமா அந்த ஒப்பந்தம்! மகள் மூலமாகச் சொல்லலாம் என்றால் உங்கள் ரகசியத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோவில் பாதிப் பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூரியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இருக்கிறவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

வலதில் செருகுங்கள் அண்ணா. பெரியவரை மட்டும், தனியாக. தாளில் மின்சாரம் ஏறக் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் அந்த மேலாளரிடம் ஓடுங்கள்.

காது டாக்டர் என்று எழுதிய என் கையை உடைக்கவேண்டும்.

தங்கச்சி

ஜூன் 20

தங்கச்சி!

ஆறும் ஐந்தும்தான்! வாசலில் நின்றே படித்தேன், கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உள்ளே ஓடிவிட்டேன். பாவம், அவர் பின்னாலேயே வந்து, நான் தரையில் குப்புறப் படுத்து ஆம்ப்பின் துளைகளை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஏதாவது தொலைஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டார். கிடைச்சிடுச்சு என்றேன்.

என் பழைய ஹெட்போன் ஆயுள் முழுக்க இடதில்தான் இருந்தது. அது அந்தக் காலத்து ஆறு முள். அது செத்தபின்னும் எனக்கு இடதின்மேல்தான் நம்பிக்கை. பெரிய இடத்து ஆள் என்று பெரியவரை மரியாதையாக அங்கே செருகினேன், பாருங்கள் என் புத்தியை!

வலதில் போட்டேன், காத்திருந்தேன், மாட்டினேன். முதல் ஸ்வரம் விழுந்ததும் என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. சுத்தியல் கம்பியைத் தொடுகிறது, தொட்டுவிட்டு விலகுகிறது, அந்த விலகல் தனியாகக் கேட்கிறது! பத்து விரலின் கனமும் தனித்தனியாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன நாற்காலிக்கு நானும் திரும்பிப் பார்த்தேன்! உங்கள் அண்ணி வந்து, “ஏங்க, எதுக்கு இப்படி அழறீங்க?” என்றாள். அப்போதுதான் அழுகிறேன் என்றே தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காது இருக்கிறது என்பதைவிட, அவளிடம் மறைத்ததற்குத்தான் அதிகம் திட்டு விழுந்தது.

ஆனாலும் ட்யூனருக்கு ஆதாரம் வேண்டும். நன்றாகக் கேட்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வதை நம்பக்கூடாது. அதனால் டிஸ்க்கை முதலிலிருந்து வேலைக் காதோடு கேட்டேன். இப்போது ஒன்று கேட்கிறேன், தவறு என்றால் தவறு என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது பாட்டில், மெதுவாக இறங்கி வரும் இடத்தில், மேலே ஒரு ஸ்வரம். அதற்கு மூன்று கம்பிகள். அந்த ஒரு தடவை மட்டும் மூன்றில் ஒன்று இழையளவு சுருதி இறங்கி நிற்கிறது. முன்னால் வரும்போதும் பின்னால் வரும்போதும் அதே ஸ்வரம் சுத்தமாக இருக்கிறது. இறங்கிய கம்பி தானாக ஏறாது. அந்த ஒரு ஸ்வரம் வேறொரு நாள் வாசித்தது, கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. சரியா?

மற்ற இருவரையும் அதே வலது சாக்கெட்டில் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். கடைக்குட்டியில் அது தெரியவே இல்லை. நடுவுள்ளவனில் ஏதோ ஒரு சந்தேகம் தட்டியது. நடுவுள்ளவனிடம் மன்னிப்பும் கேட்டேன், அவன் சோம்பேறியே இல்லை. பெரியவரில் பட்டவர்த்தனம்.

மன்றத்துக்கு ஓடினேன். மேலாளர் என் கடிதத்தை மேசையிலேயே வைத்திருந்தார். “சம்பளம் பத்தலைன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே, இப்படிச் சுத்தி வளைச்சு எழுதணுமா?” என்று, நான் வாய் திறக்கும் முன்பே சம்பளத்தை உயர்த்திவிட்டார். உண்மையைச் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். அவர் விடவில்லை. கலைஞர் சொன்ன மங்கலும் உண்மைதான். போன மாதம் வாசித்தவர் மேல் ஸ்வரங்கள் பூப்போல வேண்டும் என்று கேட்க, சுத்தியல் கம்பளியில் ஊசி குத்தி மென்மையாக்கியது நான்தான். அதற்கே காது பழகிப்போய் எனக்கு மங்கலாகப் படவில்லை, பயத்தில் என் வேலையை நானே மறந்திருக்கிறேன். இன்று அதைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

பெரியவர்தான். ஒருமனதாகப் பெரியவர்! நாற்காலி வேண்டாம், வருகிறவர்கள் தரையில் உட்காரட்டும்.

அண்ணன்

ஜூன் 24

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அந்த ஸ்வரம் இருக்கும் பத்தியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

சரி. முற்றிலும் சரி.

அந்த இடத்தில் வாசித்தவருக்கு விரல் நழுவிவிட்டது. மறுவாரம் அவரைக் கூப்பிட்டு அந்தப் பாட்டை இன்னொரு முறை வாசிக்கவைத்து, அந்த ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்து ஒட்டினேன். ஒட்டினதிலேயே நேர்த்தியானது அதுதான் என்று உள்ளுக்குள் கர்வம். வாசித்தவருக்கே எது என்று தெரியாது. மேனேஜருக்குத் தெரியாது. பெரியவரில் கேட்டுக் கழற்ற மறுத்தாளே, அவளுக்கும் கேட்கவில்லை. ஒட்டு இருக்கும் இடம் தெரிந்த நானே பெட்டியை அனுப்புமுன் பெரியவரில் கேட்டேன், அப்போதும் எனக்குச் சுத்தமாகத்தான் பட்டது! இழையளவு இறங்கிய ஒரு கம்பி, ஒரே ஒரு தடவை. அதைப் பிடித்த காதையா டாக்டரிடம் காட்டச் சொன்னேன்! உங்களுக்குத் தைரியம் சொல்வதற்காக எழுதவில்லை அண்ணா. எங்கள் தொழிலில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை.

ஆனால் பெரியவர் வேண்டவே வேண்டாம்! அவரை வாங்கிவைத்தால், உங்களைப்போல இன்னொரு பாவி என்றைக்காவது வந்து உட்கார்ந்து என் ஒட்டுகளை எல்லாம் எண்ணிவிட்டுப் போவான். நடுவுள்ளவனை வாங்கச் சொல்லுவோம். சந்தேகம் வரலாம், நிரூபிக்க முடியாது. கேட்க வருகிறவர்களுக்குச் சந்தோஷம்தானே முக்கியம், அது அவனிடம் வேண்டிய அளவு இருக்கிறது. மகளிடம் சொன்னேன். “நீ போய் பெரியவரை வேண்டாங்கிறியா? அம்மா, உடம்பு சரியில்லையா?” என்றாள். காரணம் சொல்லவில்லை. போன் தடையை நீக்கிவிட்டாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டது அவளுக்கு நம் சண்டையைவிடக் கவலையாக இருக்கிறதாம்.

இனி காரியம். அடுத்த மாதம் இந்த டிஸ்க்கில் வாசித்த அதே கலைஞர் புது டிஸ்க் பதிவு செய்ய வருகிறார், பல நாள் வேலை. நாளுக்கு நாள் பியானோவின் சுருதி நகராமல் நிற்கவேண்டும், முதல் நாள் ஸ்வரத்தையும் கடைசி நாள் ஸ்வரத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்கவேண்டும். மேனேஜரிடம் உங்களைச் சொல்லிவிட்டேன். எப்படிப்பட்ட ட்யூனர் என்று கேட்டார். இரண்டாவது பாட்டைப் போட்டுக் காட்டி, என் ஒட்டை நானே காட்டிக்கொடுத்து, இதைப் பிடித்தவர் என்றேன். அவர் ஏழெட்டுத் தடவை கேட்டார், அவருக்குப் பிடிபடவில்லை. எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார்.

பெரியவரைக் கடைக்குத் திருப்பி அனுப்ப இன்னும் சில நாள் இருக்கிறது. உங்கள் கையோடு எடுத்து வாருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். இங்கே ஐந்து துளைச் சாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது, மற்றதில் நான் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். முதலில் நீங்கள் கேளுங்கள், அப்புறம் நான்.

தங்கச்சி